மண்ணெண்ணெய் இல்லாத மாகாணம்

யோகாம்பிகை வென்றெடுத்தவற்றை முதலில் சொல்லிவிடுவது முறை. நாற்பத்தோராவது வயதில் இடக்கையால் சோறு பிசைந்து உண்ணப் பழகினாள். சிறுபிள்ளையில் இடக்கையைச் சோற்றுக் கோப்பையில் வைத்ததற்காகத் தகப்பனிடம் அடி வாங்கியவள் அவள். ஒற்றைக் கையால் சேலைக்கு ஊசி குத்தவும் தலை பின்னவும் பழகினாள். மெல்பேர்னின் புறநகரான டண்டினொங்கில் ரயில் ஏறி, நகரத்தில் இறங்கி, ட்ராம் மாறி, யாரிடமும் வழி கேட்காமல் பல்கலைக்கழகத்துக்குப் போய்வரப் பழகினாள். படித்ததற்கும் படிப்பித்ததற்கும் அத்தாட்சியாக ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாமல் அந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் எடுத்தாள். தன் வயதில் பாதிகூட ஆகாத வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு நடுவில் இருந்து, ரோமாபுரியின் ஆட்சி தேய்ந்துபோன காலத்தில் அதன் எல்லை மாகாணம் ஒன்றைக் காட்டுமிராண்டிக் கூட்டங்கள் சூறையாடிய கதையை நீண்ட கட்டுரையாக எழுதி, வகுப்பில் இரண்டாவது கூடிய புள்ளி எடுத்தாள்.

அவளுடைய தமையன் ஜெயரட்ணம் அதை முதலாவது என்றுதான் எல்லோரிடமும் சொல்வார். கேட்டவர் படலையைத் தாண்டுமுன் கூப்பிட்டுத் திருத்தியும் விடுவார். பிழையான அளவைச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கிற சுபாவம் அவருக்கு இல்லை.

அப்படிப் பார்த்தால் ‘எழுதி’ என்று மேலே சொன்னதும் பிழைதான். யோகா சொல்லச் சொல்ல எழுதியவர் ஜெயரட்ணம். அவளுடைய வலக்கை எழுதாது. உள்ளங்கை வெந்து, விரல்கள் உள்நோக்கி மடங்கி, மூடியும் மூடாத முட்டியாகக் கிடந்தது. பெருவிரல் மட்டும் தப்பியிருந்தது.

ஜெயரட்ணம் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். தகப்பன் செத்ததும் இரத்மலானை ரயில்வே பட்டறையில் தொழில் பழகப் போனார். அந்தச் சம்பளத்தில் தங்கச்சி படித்துச் சரித்திர ஆசிரியையானாள். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஓவசியராக இருந்த சிறிதரனைக் கட்டி, அனுராதபுரப் பக்கத்தில் ஒரு குளத்தடி ஊரில் குடியிருந்தாள். தமிழ்க் குடும்பங்கள் ஒரு கை விரல்களில் எண்ணக்கூடிய சிங்கள ஊர். ஜெயரட்ணம் எழுபத்துநாலில் மனைவி சிவமணியோடு மெல்பேர்னுக்கு வந்து, டண்டினொங்கில் லொறிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், செய்து முடித்த பாகங்களை அளந்து பார்த்துச் சரி பிழை சொல்லும் வேலையில் சேர்ந்தார்.

எழுபத்தேழு ஆகஸ்டில் இலங்கையில் தமிழரை அடித்தார்கள். ரேடியோவில் இரண்டு வரியாகத்தான் சொன்னார்கள். பிறகு யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியிலிருந்து, வேறு யாரோ எழுதிக்கொடுத்த கடிதம் ஒன்று வந்தது. சிறிதரன் இல்லை, கை சுட்டுப்போச்சு, வேறை சுகம். அவ்வளவுதான் செய்தி. அடுத்த பெப்ரவரியில் யோகா விமானத்தால் இறங்கி வந்தபோதும் அதற்குமேல் ஒரு சொல் சொல்லவில்லை. தமையனும் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல வேண்டிவருமே என்று அவளுக்காகப் பயந்தார். சொன்னால் கேட்க வேண்டிவருமே என்று தனக்காகவும் பயந்தார்.

கையெழுத்து வைக்கிற இடமெல்லாம் யோகா பெருவிரலைத்தான் வைத்தாள். வங்கியில் கணக்குத் திறக்கப் போன நாளில், மை தொட்ட விரலைப் பார்த்துவிட்டு அங்கிருந்த பெடியன் ஜெயரட்ணத்திடம், இவவுக்கு வாசிக்கத் தெரியுமோ என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டான். யோகா அவன் முன்னால், தனக்குத் தலைகீழாகக் கிடந்த படிவத்தை முதல் வரியிலிருந்து சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள். அவன் காது சிவந்துபோய் மன்னிப்புக் கேட்டான்.

வீட்டுக்கு வருகிற வழியில் ஜெயரட்ணம் சொன்னார்: “இடக்கையாலை எழுதிப் பழகன், தங்கச்சி. கரண்டி பிடிக்கிறாய்தானே.”

“சோறு தின்ன எந்தக் கை எண்டாலும் என்ன அண்ணை. இருவது வருஷம் பிள்ளையளின்ரை றிப்போட்டிலை கையெழுத்து வைச்சனான். இந்தக் கையாலை கிறுக்கினால் அது ஆரோ ஒரு ஆளின்ரை கையெழுத்து. என்ரை இல்லை.”

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

வந்த வருஷம் அவள் மரக்கறி பொதி செய்யும் இடமொன்றில் வேலை செய்தாள். குளிர்ந்த கொட்டகைக்குள் நின்று பெட்டிக்குள் கரட் அடுக்குகிற வேலை. மற்றவர்கள் இரண்டு கையால் அடுக்க, இவள் ஒன்றேகால் கையால் அடுக்கினாள். மாலையில் வந்து, மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல், குசினியின் தூர மூலையில் கதிரையைப் போட்டு இருப்பாள். முன்னறையில் மண்ணெண்ணெய் ஹீட்டர் எரியும். சிவமணி கூப்பிடுவாள்.

“இஞ்சாலை வாங்கோ மச்சாள். உங்கை விறைச்சுப்போவியள்.”

“எனக்குக் குளிரேல்லை.”

“ஓமோம், பல்லுக் கிடுகிடுக்கிறது எனக்குக் கேக்குது.”

அவள் வரமாட்டாள். தங்கள் எண்ணெய்ச் செலவுக்குக் கூச்சப்படுகிறாள் என்று நினைத்துச் சிவமணி கோபித்தும் பார்த்தாள். தங்கச்சி பிறவியிலேயே பிடிவாதக்காரி என்று ஜெயரட்ணம் சமாதானம் சொன்னார்.

பல்கலைக்கழகச் செய்தியைக் கொண்டுவந்ததும் சிவமணிதான். அவள் வேலை செய்த ஆஸ்பத்திரிக் குசினியில் ஒரு ஐரிஷ்காரி, பேரப்பிள்ளை கண்டவள், பல்கலைக்கழகத்தில் படிக்கத் தொடங்கியிருந்தாள். படிப்புக்குக் கட்டணம் கட்டத் தேவையில்லை, வயது ஒரு பொருட்டில்லை என்றாள். எழுபத்தொன்பது தொடங்கியதும் யோகா வெள்ளைச் சேலையோடும் சிவமணியின் தடித்த கோட்டோடும் நேர்முகத்துக்குப் போனாள். சரித்திரப் பகுதியில் மிசிஸ் ஹாலண்ட் என்ற விரிவுரையாளர் இருந்தார். அத்தாட்சிப் பத்திரங்கள் எங்கே என்று கேட்டார். எரிந்துவிட்டன என்றாள் யோகா. அந்த அம்மா கொஞ்ச நேரம் கையைப் பார்த்தார். பிறகு சரித்திரம் பற்றி மட்டுமே கேட்டார். வெளியே காத்திருந்த ஜெயரட்ணத்துக்கு அந்தக் கதவு திறக்கவே திறக்காது போலிருந்தது.

ஒரு வருஷத்துக்கு மட்டும் இடம் கிடைத்தது. ஒக்ரோபர் முடிவுக்குள் நீண்ட கட்டுரை ஒன்று கொடுக்க வேண்டும். அது தேறினால் தொடர்ந்து படித்து, திரும்பவும் ஆசிரியையாகலாம். தேறாவிட்டால் அத்தோடு சரி. சொல்லிக்கொடுத்து வேறொருவரைக் கொண்டு எழுதுவிக்கலாம் என்றும், கட்டுரை தன்னுடையதுதான் என்ற உறுதிமொழியில் யோகா பெருவிரல் வைத்தால் தானே சாட்சி போடுவதாகவும் மிசிஸ் ஹாலண்ட் ஒத்துக்கொண்டார்.

“இது பிழைச்சால் நான் சாகுமட்டும் கரட்தான் அண்ணை,” என்றாள் யோகா, ரயிலில்.

மற்றப் பிள்ளைகள் சக்கரவர்த்திகளையும் தளபதிகளையும் எடுத்துக்கொண்டார்கள். யோகா நோரிக்கம் என்ற மாகாணத்தை எடுத்தாள். டான்யூப் ஆற்றங்கரையில், ரோமாபுரியின் வடக்கு எல்லையாகக் கிடந்த தேசம். ஏன் அதை எடுத்தாய் என்று ஜெயரட்ணம் கேட்டார்.

“அங்கை ராசாமார் இல்லை. சனம் மட்டும்தான் இருக்கு.”

அந்தக் குளிர்காலம் முழுவதும் குசினி மேசையில் வேலை நடந்தது. ஜெயரட்ணத்துக்குப் பின்னேர வேலை என்பதால் காலைகள் சும்மா இருந்தன. கோடு போட்ட தாள்களில், பட்டறையில் பழகிய கட்டை எழுத்தில், ஒரு வெட்டுக்கொத்து இல்லாமல் எழுதுவார். யோகா இங்கிலீஷில் சொல்லுவாள். தெரியாத பெயர்களை எழுத்தெழுத்தாகச் சொல்லுவாள். நடந்து நடந்து சொல்லுவாள். வகுப்பில் அவள் நின்று படிப்பிப்பதை ஜெயரட்ணம் ஒருநாளும் பார்த்ததில்லை, இப்போதுதான் பார்த்தார். எட்டாம் வகுப்போடு விட்ட படிப்பு தங்கச்சியின் வாயால் திரும்பி வருகிறது என்று அவருக்கு ஒரு பெருமை.

மேசையைச் சுற்றிக்கொண்டு நிற்கிற சிவமணி கேட்பாள்: “உங்கடை ரோமாபுரிச் சண்டை எப்ப முடியும்? எனக்கு இதிலை சோறு வைக்க வேணும்.”

“அது முடிய இன்னும் கன காலம் கிடக்கு,” என்பார் ஜெயரட்ணம். “இப்பதானே முதல் ஊர் விழுந்திருக்கு.”

ஆற்றுக்கு அக்கரையில் றுகியர் என்றொரு கூட்டம். அவர்கள் விஷயத்தில்தான் அவருக்குக் குழப்பம்.

“உவங்கள் கொள்ளைக்காரரோ, காவல்காரரோ? ஒரு பக்கத்தாலை ஆக்களைப் பிடிச்சுக்கொண்டு போறாங்கள். மற்றப் பக்கத்தாலை வரி வாங்கிக்கொண்டு, நாங்கள் உங்களைக் காப்பாத்துறம் எண்டுறாங்கள்.”

“ரெண்டும்தான் அண்ணை. அதைத்தான் எழுதுறன்.”

எல்லைப்புற நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. மேற்கில் இருந்த ஊர் தாங்காது என்று கண்டதும் சனம் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஆற்றோடு இறங்கி அடுத்த ஊருக்கு வந்தது. அங்கிருந்தும் கிளம்பி அதற்கடுத்த ஊருக்கு. ஓடவில்லை, இறங்கி இறங்கி வந்தார்கள் என்றாள் யோகா. ஒவ்வொரு ஊரிலும் இதுதான் கடைசி என்று நினைத்து வீடு மெழுகியிருப்பார்கள். கட்டுரையின் கேள்வியே அதுதான்: எங்களுக்கு இனி ஒரு அரசாங்கம் இல்லை என்று அந்தச் சனத்துக்கு எந்த நாளில் தெரிந்தது?

பட்டாவிஸ் என்ற ஊரில் காவல் வீரர்களுக்குச் சம்பளம் வருவது நின்றுபோனது. சிலர், வரவேண்டிய கடைசிச் சம்பளத்தையாவது வாங்கி வருவோம் என்று இத்தாலிக்குப் புறப்பட்டார்கள். வழியிலேயே வெட்டப்பட்டார்கள். போனவர்களுக்கு என்ன நடந்தது என்று ஊரில் எவருக்கும் தெரியாது. ஆறுதான் சேதி கொண்டுவந்தது. உடல்கள் மிதந்து வந்து கரை ஒதுங்கின.

இதைச் சொன்ன காலையில் யோகா நடப்பதை நிறுத்தி, யன்னலைத் திறக்கச் சொன்னாள். வெளியே ஆலங்கட்டி மழை. ஜெயரட்ணம் திறந்துவிட்டார்.

குளிர்காலம் முடிகிற செப்ரெம்பரில் வெயில் எட்டிப் பார்த்தது. தெருவில் மக்பைக் குருவிகள் கூடு கட்டி, போகிறவர் வருகிறவர் தலையைக் கொத்தத் தொடங்கின. யோகா குடை விரித்துக்கொண்டு ரயிலுக்குப் போய் வந்தாள். கட்டுரை முக்கால்வாசி முடிந்திருந்தது. ஒரு காலை பட்டாவிஸ் நகரத்தின் அழிவுக்கு வந்தார்கள். ஊர் முழுவதும் அறுவடைக்கு வயலில் நின்ற நேரம் பார்த்துப் பகைவர் புகுந்தார்கள். காவலுக்கு விட்டுப்போன நாற்பது பேரையும் கொன்றார்கள். யோகா சொல்லிக்கொண்டே போனாள். ஜெயரட்ணம் எழுதிக்கொண்டே போனார். பிறகு அவர்கள் கூரைகளில் மண்ணெண்ணெய் ஊற்றி—

பேனை நின்றது.

“தங்கச்சி.”

“எழுதுங்கோ அண்ணை.”

“அந்தக் காலத்திலை மண்ணெண்ணெய் இருந்ததோ?”

அடுப்படியில் நின்ற சிவமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏன் இல்லாமல்? ரோமாபுரியிலையும் மண்ணெண்ணெய்க்குக் கூப்பன் கடை இருந்திருக்கும்!”

ஒருவரும் சேர்ந்து சிரிக்கவில்லை. சிவமணி திரும்பிப் பார்த்தாள். யோகா மேசையின் விளிம்பை இடக்கையால் பிடித்துக்கொண்டு, தமையன் எழுதியிருந்த தாளைக் குனிந்து வாசித்தாள். முந்தின தாளை எடுத்து வாசித்தாள். அதற்கு முந்தினதையும் எடுத்தாள். அவளுடைய முகம், கூட்டத்தில் பிள்ளையைத் தவறவிட்ட தாயின் முகம் மாதிரி ஆகிக்கொண்டு வந்தது.

“இன்னும் எங்கை எங்கை கிடக்கோ எனக்குத் தெரியேல்லை,” என்றாள்.

“ஒரு சொல்லுத்தானே. வெட்டிவிடுறன்.”

“ஒரு சொல் இல்லை அண்ணை. நான் கண்ணை மூடினால் ரெண்டும் ஒரே ஊராய்க் கிடக்கு. எது நான் வாசிச்சது, எது...” அவள் முடிக்கவில்லை. “ஒரு பிள்ளை இப்பிடி எழுதியிருந்தால் நான் சைபர் போட்டிருப்பன். இதைக் குடுக்கேலாது.”

தாள்களை அடுக்கி ஜெயரட்ணத்தின் பக்கம் தள்ளிவிட்டு அறைக்குள் போனாள். அடுத்தடுத்த நாட்களில் பல்கலைக்கழகத்துக்கும் போகவில்லை. கரட் கொட்டகையில் திரும்ப எடுப்பார்களோ என்று கேட்டுப் பார்க்கும்படி சிவமணியிடம் சொன்னாள். சாப்பிட்டாள், குளித்தாள், கேட்டதற்கு மறுமொழி சொன்னாள். ஆனால் வீட்டில் யாரோ இறந்து கிடக்கிற மாதிரி எல்லோரும் மெதுவாக நடந்தார்கள்.

ஜெயரட்ணம் ஒரு முற்பகல் முன்னறை ஹீட்டரைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்வளவுக் கொட்டிலில் வைத்தார். எண்ணெய்க் கலனையும் எடுத்துப்போனார். திரும்பி வந்து தரையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார்.

“இஞ்சருங்கோ, இதென்ன வேலை? இன்னும் குளிர் போகேல்லை,” என்றாள் சிவமணி.

“அந்த மணம்,” என்றார் அவர். “ரெண்டு குளிர்காலம் அவள் அந்த மணத்துக்குள்ளை இருந்திருக்கிறாள். நாங்கள் கிட்ட வந்து இரு, கிட்ட வந்து இரு எண்டு கூப்பிட்டனாங்கள்.”

சிவமணி கையிலிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள்.

அன்று அவர் தங்கச்சியின் அறை வாசலில் போய் நின்றார். உள்ளே போகவில்லை.

“எங்கடை தொழிற்சாலையிலை பிழைச்ச சாமானை எறியிறேல்லை, தெரியுமோ. அளந்து பாத்து, பிழை எண்டால் ஒரு சிவப்புத் துண்டு கட்டி, என்ன பிழை எண்டு அதிலை எழுதி, வேறை கூட்டுக்குள்ளை வைக்கிறது. எறிஞ்சுபோட்டால் மெசினுக்குள்ளை என்ன நடந்தது எண்டு ஒருத்தருக்கும் தெரியாமல் போயிடும்.”

“நான் மெசின் இல்லை அண்ணை.”

“ஓம். அதாலைதான் உன்னைக் கேட்டுக் கேட்டுச் செய்யப்போறன். ஒவ்வொரு வரியாய் நான் வாசிக்கிறன். புத்தகம் எண்டால் புத்தகம் எண்டு சொல்லு. நீ எண்டால் நான் எண்டு சொல்லு. வேறை ஒண்டும் நீ சொல்ல வேண்டாம்.”

அவள் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

“வேறை ஒண்டும் கேக்கக்கூடாது,” என்றாள்.

“கேக்கமாட்டன்.”

அப்படித்தான் திரும்பத் தொடங்கினார்கள். அவர் வாசிப்பார், நிறுத்துவார். அவள் நடக்கவில்லை இப்போது. எதிரே கதிரையில், மடங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

“பாலத்தடியிலை காவல் போட்டது?”

“புத்தகம்.”

“வீட்டுக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு இருங்கோ, ஒண்டும் நடவாது எண்டு காவல் தலைவன் சொன்னது?”

“நான்.”

ஜெயரட்ணம் அந்த வரிக்குச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, வேறு தாளில் எழுதி வைத்தார். அந்தத் தாளில் தமிழில் எழுதினார். வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றுதான் பேச்சு. ஆனால் ‘நான்’ என்று சொன்ன பிறகு யோகாவால் அந்த ஒரு சொல்லோடு நிற்க முடியவில்லை. முதல் நாள் ஒரு வரி சேர்த்துச் சொன்னாள். அடுத்த நாள் இரண்டு வரி. ஜெயரட்ணம் தலை நிமிராமல் எழுதினார். நிமிர்ந்து பார்த்தால் அவள் நிறுத்திவிடுவாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

“எந்த வீடு எண்டு காட்டிக் குடுத்தவன் முந்தி அந்த வீட்டிலை தேத்தண்ணி குடிச்சவன்?”

“நான். அவன்ரை பிள்ளைக்கு நான் படிப்பிச்சனான்.”

“பகைவர் கூட்டத்திலை ஒரு கிழவி, வெந்த கையை அண்டாத் தண்ணிக்குள்ளை அமத்திப் பிடிச்சது?”

“நான். சோமாவதி எண்டு பேர். பக்கத்து வீடு. என்னைத் தன்ரை பாய்க்குக் கீழை விடிய மட்டும் ஒளிச்சு வைச்சிருந்தவ. பேரையும் எழுதுங்கோ அண்ணை.”

அவர் எழுதினார்.

கதவின் இரும்புத் தாழ்ப்பாள் சூடேறிச் சிவந்திருந்ததும், அதை வெறுங்கையால் இழுத்துத் திறந்ததும் ஆறாவது தாளில் வந்தன. அது நோரிக்கத்து மாதா கோயில் கதவாகக் கட்டுரைக்குள் கிடந்தது. ஜெயரட்ணம் வாசித்து முடிக்கு முன்பே அவள் ‘நான்’ என்றாள். சிவமணி சத்தமில்லாமல் பின்வளவுக்குப் போய்விட்டாள்.

பிறகு பட்டாவிஸ் வீரர்களின் பகுதிக்கு வந்தார்கள். யன்னலைத் திறக்கச் சொன்ன நாளில் எழுதியது.

“போனவையின்ரை சேதி ஊருக்குத் தெரிஞ்சது ஆத்தாலை. உடம்புகள் மிதந்து வந்தது.”

“புத்தகம்.”

“பிறகு ஒரு காவல்காரன்ரை குதிரை திரும்பி வந்தது. அதிலை வேறை ஒருத்தன் இருந்தான்.” ஜெயரட்ணம் நிறுத்தினார். கேட்கமாட்டேன் என்று சொன்னவர், வாய் தவறிக் கேட்டுவிட்டார். “முன்னம் ஆறு எண்டாய். இப்ப குதிரை எண்டு கிடக்கு?”

“புத்தகத்திலை ஆறு.” யோகா யன்னல் பக்கம் பார்த்தாள். “குதிரை நான். அது குதிரை இல்லை அண்ணை. சைக்கிள்.”

தமையன் பேனையைத் தாளில் ஊன்றியபடியே இருந்தார்.

“பொலிசிலை போய்ச் சொன்னால் ஆக்களை அனுப்புவினம் எண்டு வெளிக்கிட்டவர். நான் வேண்டாம் எண்டனான். நான் கவண்மேந்து உத்தியோகத்தன், என்னிலை ஆர் கை வைப்பினம் எண்டு சிரிச்சவர். வெள்ளைச் சேட்டுப் போட்டு, பொக்கற்றிலை அடையாள அட்டையையும் வைச்சுக்கொண்டு போனவர். நான் யன்னலாலை பாத்துக்கொண்டு நிண்டனான். கன நேரத்துக்குப் பிறகு அந்தச் சைக்கிள் வந்துது. பெல்லிலை மஞ்சள் நூல் கட்டிக் கிடந்தது, நான் கட்டினது. ஓடிக்கொண்டு வந்தவனை எனக்குத் தெரியாது. அவன் எங்கடை வீட்டைத் திரும்பியும் பாக்கேல்லை. சும்மா பெல் அடிச்சுக்கொண்டு போனான்.”

தெருவில் யாரோ புல் வெட்டுகிற இயந்திரத்தை இழுத்து இழுத்து முடுக்கினார்கள். அது பற்றிக்கொள்ளாமல் நின்று நின்று போனது.

“அப்பதான் எனக்குத் தெரியும் அண்ணை. எந்த நாள் எண்டு கட்டுரையிலை கேட்டு வைச்சிருக்கிறனே. எனக்கு அந்த நாள்.”

ஜெயரட்ணம் மச்சானோடு இரண்டு முறைதான் ஆறுதலாக இருந்து கதைத்தவர். கலியாணத்தில் ஒரு முறை, விமானம் ஏறமுன் ஒரு முறை. ‘நீங்கள் போங்கோ அத்தான், இங்கை நான் பாத்துக்கொள்ளுறன்’ என்று சிறிதரன் சொன்னது நினைவுக்கு வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதினார். மஞ்சள் நூலையும் எழுதினார். கட்டுரையில் குதிரைக்குச் சிவப்புக் கோடு போட்டார்.

இப்படி ஒக்ரோபர் கழிந்தது. கட்டுரை மெலிந்து, முன்னையதைவிடச் சிறியதாகிவிட்டது. பட்டாவிஸ் விழுந்தது, மிஞ்சின சனம் இறங்கி இறங்கி வந்தது, கடைசியில் எல்லோரும் மாகாணத்தை விட்டு இத்தாலிக்குப் போகவேண்டும் என்று அங்கிருந்து உத்தரவு வந்தது. யோகா முடிவு வசனத்தைப் புதிதாகச் சொன்னாள். அந்த மக்களோடு அரசாங்கம் என்ற ஒன்று கடைசியாகப் பேசியது, வீட்டை விட்டுப் போ என்று சொல்லத்தான். ஜெயரட்ணம் எழுதிவிட்டு வழமைபோலக் கேட்டார்.

“இது புத்தகமோ, நீயோ?”

அவள் முதல் முறையாக யோசித்தாள். “ரெண்டும்,” என்றாள். “இது நிக்கட்டும்.”

மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை எல்லாத் தாள்களையும் மேசையில் அடுக்கினார்கள். ஒரு பக்கம் கட்டுரை. மறுபக்கம் தமிழில் எழுதிய தாள்கள். கட்டுரையின் மேல் உறுதிமொழிப் பக்கம் இருந்தது. ஜெயரட்ணம் மைப்பெட்டியைத் திறந்து வைத்தார். யோகா மடங்கிய கையை நீட்டி, தப்பிய பெருவிரலை மையில் தோய்த்து, கோட்டுக்குமேல் அமர்த்தி வைத்தாள். சாட்சிக்கு மிசிஸ் ஹாலண்ட் நாளைக்குக் கையெழுத்து வைப்பார். வேலை முடிந்தது.

சிவமணி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். “ரோமாபுரி முடிஞ்சுதோ?”

“முடிஞ்சுது மச்சாள். இனிச் சோறு வைக்கலாம்.”

ஜெயரட்ணம் மற்றத் தாள்களைச் சேர்த்துத் தட்டிச் சமப்படுத்தினார். இதிலும் அடையாளம் இருந்தால் நல்லதுதானே என்று, மைப்பெட்டியை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“அதுக்கு உது காணாது,” என்றாள் யோகா. “பேனையைத் தாங்கோ.”

அவர் விளங்காமல் பார்த்தார்.

“கட்டுரையிலை கிடக்கிறது ஆரோ கண்டு, ஆரோ எழுதி வைச்சது. நான் சேத்துக் குடுத்தனான், அதுக்கு விரல் காணும். அந்த மாகாணத்துச் சனம் அவ்வளவு பேரிலை, இது எனக்கு நடந்தது எண்டு தன்ரை பேரைப் போட்டு ஒருத்தர் ஒரு வரி விட்டிட்டுப் போகேல்லை அண்ணை. இவ்வளவு மாதமும் தேடினனான்.” தாள்களை இடக்கையால் தன் பக்கம் இழுத்தாள். “இதைக் கண்ட ஆள் நான்.”

ஜெயரட்ணம் பேனையை இடக்கையில் கொடுத்தார். பிடிக்கத் தெரியவில்லை. கரண்டி பிடிப்பதுபோலப் பிடித்தாள், வழுக்கியது. சிவமணி ஒரு துணித்துண்டைப் பேனையில் சுற்றிக் கொடுத்தாள். ஜெயரட்ணம் தாள் நகராமல் இரண்டு மூலையையும் அமர்த்திப் பிடித்தார். எழுத்துப் பழகுகிற பிள்ளையின் எழுத்துப்போல, ‘யோ’வின் கொம்பு ஒரு பக்கம் சரிந்தது. ‘கா’ பெருத்துப்போய்க் கோட்டுக்குக் கீழே இறங்கியது. இடையில் நிறுத்தி மூச்சு விட்டாள். சிறிதரன் என்ற பெயருக்கு வந்தபோது சுழி பிசகி, ‘றி’ இரண்டு தரம் எழுத வேண்டி வந்தது. முதல் எழுதியதை அவள் வெட்டவில்லை.

யோகாம்பிகை சிறிதரன்.

பழக்க தோஷத்தால் ஜெயரட்ணம் பேனைக்குக் கை நீட்டினார், திகதி போட.

“விடுங்கோ அண்ணை,” என்றாள். “அதையும் நான்தான் போட வேணும்.”

போட்டாள்: 29 ஒக்ரோபர் 1979.